‘தோற்றோம்’ என்னுஞ் சொல்

தமிழிலக்கணம் பயில்வோர் தன்மைப் பன்மை விகுதிகளை மனப்பாடஞ் செய்யுங்காலத்து, இவற்றால் உலகியலில் யாது பயன் என்று ஐயுறுதல் இயல்பே. யாமும் ஐயுற்றோம். நன்னூலார் அவ்விகுதிகளைத் திறம்படப் பகுத்துரைத்துள்ளார். அம், ஆம் என்பன, பேசுவோன் தன்னெதிரே நிற்கும் முன்னிலையாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுதலைக் காட்டும். எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளுதலைக் காட்டும். உம் விகுதி சில மெய்களை ஊர்ந்து வந்து இருதிறத்தாரையுஞ் சேர்க்கும். இதனை வகுப்பிற் கேட்ட பிற்பகலில் எமக்கு உறக்கம் வந்ததென்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. ஆயின் அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளின் காற்பந்தாட்டத்தைப் பற்றியும், அவ்வாட்டத்தில் தோல்வி நேர்ந்த பின்னர் அபிமானிகள் படும் பாட்டைப் பற்றியும் சில ஆராய்ச்சிகளை வாசிக்க நேர்ந்தபோது, உறங்கிய சூத்திரம் விழித்தெழுந்து எம்மைப் பிடித்துக்கொண்டது.

வினா இதுதான். ஒரு குழு களத்தில் இறங்கி ஆடித் தோற்றது. அக்களத்தில் ஒருநாளும் காலெடுத்து வையாத ஒருவன், ஆசனத்தில் அமர்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்த்திருந்தவன், வீடு திரும்பி மனைவி மக்களிடம் ‘தோற்றோம்’ என்று சொல்லி அன்றிரவு உணவு கொள்ளாது படுத்துவிடுகின்றான். எந்த உரிமையால் அவன் அவ்விகுதியை வழங்கினான்? ஆடினோர் படர்க்கையார், அவரைத் தன்னோடு உளப்படுத்தும் ஓகாரத்தை அவனுக்கு அளித்தவர் யார்?

முதற்கண் அவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். அமெரிக்கர் காற்பந்து என்று வழங்கும் ஆட்டம் நம் மைதானங்களில் ஆடப்படுவதன்று. பந்து உருண்டையாயிராமல் இருமுனையுங் கூர்ந்திருக்கும். அதனைக் காலால் உதைத்தல் அருகியே நிகழும். கையிலேந்தி ஓடுதலும் தோழனுக்கு எறிதலுமே மிகுதி. பக்கத்திற்கு 11 பேர். கோட்டுக்குக் கோடு 100 கஜம். பந்தையுடைய குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து எதிரியைச் சாரும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. களத்திலிருந்து உதைத்துக் கம்பங்களினூடே செலுத்தினால் 3 புள்ளி. எஞ்சிய விதிகளைச் சொல்லப் புகுந்தால் இம்மலர் முழுவதும் போதாது. அவற்றை அறியாமலே இக்கட்டுரையை வாசிக்கலாம்.

இவ்வாட்டம் கல்லூரிகளிலே பிறந்தது. 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் கல்லூரி மாணாக்கர் 25 பேரும் பிரின்ஸ்டன் மாணாக்கர் 25 பேரும் எதிர்த்தாடினர்; ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அன்று ஆடியது இன்றைய ஆட்டத்தைப் பெரிதும் ஒத்ததன்று எனினும், கல்லூரிக் காற்பந்தின் சரித்திரத்தை அன்றிலிருந்தே எண்ணுவர். கூலிக்கு ஆடும் குழுக்கள் பிற்காலத்திலே தோன்றிப் பெருஞ்செல்வம் ஈட்டின. ஆயினும் அந்நாட்டின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் கல்லூரிக் குழுவின்மீது வைத்த பற்று சிறிதுங் குறையவில்லை. ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்களத்தில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் அமர இடமுண்டு. அத்துணைப் பேரும் அங்குப் பயின்றவர் என்று கருதவேண்டா. தந்தை தோளில் ஏறிச் சென்று பார்த்த சிறுவன், பின்னர்த் தன் மகனைத் தோளில் ஏற்றிச் செல்லுகின்றான். நிலபுலங்களைப் போல அபிமானமும் பரம்பரைச் சொத்தாக இறங்குகின்றது.

ஒரு தோல்வி அத்துணைத் துயரம் விளைத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. கிரிக்கெட்டில் இன்று தோற்றால் மறுவாரமே பழிவாங்கலாம். கல்லூரிக் காற்பந்திலோ ஒரு பருவத்திற்குரிய முறையான ஆட்டங்கள் 12 மட்டுமே. செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். பரம்பரைப் பகைவரோடு ஆடுவது ஆண்டுக்கொரு முறை. அதில் தோற்றவன் அடுத்த ஆண்டு அதே வாரம் வருமளவும், 364 நாள், அண்டைவீட்டானின் நகையைத் தாங்கியிருத்தல் வேண்டும். மேலும் 2013-ஆம் ஆண்டுப் பருவம் முடியுமளவும் நாட்டின் முதன்மைப் பட்டத்திற்கு இரண்டே குழுக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பருவ முடிவில் ஒருமுறை தவறினோர் பெரும்பாலும் ஆண்டு முழுவதையும் இழந்தோரே. (2014-இல் நான்கு குழுக்களும், 2024-இல் பன்னிரண்டு குழுக்களும் போட்டியிட இடந்தரப்பட்டது.)

அந்த 2013-ஆம் ஆண்டே எம் பொருளுக்கு ஏற்ற சான்று. அலபாமா மாநிலத்தில் அலபாமா பல்கலைக்கழகம் ஒன்று, ஆபர்ன் பல்கலைக்கழகம் மற்றொன்று. இவ்விரண்டின் பகை அம்மாநிலத்துக் குடும்பங்களுக்குள்ளும் புகுந்து நிற்பது. அலபாமா முந்தின இரண்டு பருவங்களிலும் நாட்டின் பட்டத்தை வென்று, அவ்வாண்டிலும் ஒருமுறையேனும் தோலாமல் முதலிடத்தில் நின்றது. நவம்பர் 30-ஆம் நாள் ஆபர்ன் நகரில் இருகுழுவும் பொருதன. ஆட்டம் முடிய அரை நிமிஷமளவே எஞ்சியிருந்தபோது ஆபர்ன் புள்ளிகளைச் சமஞ்செய்தது, 28-28. பின்னர் அலபாமா வீரன் ஒருவன் பந்தோடு ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே மிதித்தான். கடிகாரம் சுழியைக் காட்டியது. ஆட்டம் முடிந்ததென்று பலருங் கருதினர். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் அங்ஙனங் கருதவில்லை. தம் வீரன் வெளியே மிதித்தபோது நேரம் எஞ்சியிருந்தது என்று அவர் வாதித்தார். நடுவர் படச்சுருளை மீளப் பார்த்து, ஒரு விநாடியை அவருக்கு மீட்டுக்கொடுத்தனர்.

ஒரே விநாடி. கேட்டுப் பெற்ற அந்த விநாடியில் அலபாமா 57 கஜத் தொலைவிலிருந்து பந்தை உதைத்தது. பந்து கம்பங்களை எட்டாமல் தாழ்ந்து விழுந்தது. அங்கே, தன் எல்லையின் கடைக்கோடியருகே, ஆபர்ன் வீரர் கிறிஸ் டேவிஸ் காத்து நின்றார். பந்தைப் பிடித்தார்; ஓடினார். உதைப்பதற்கென்று களமிறங்கிய அலபாமாவின் கனத்த ஆட்கள் அவரைத் துரத்தவல்லர் அல்லர். களத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து அவர் எதிர்க்கோட்டை எய்தினார். 34-28. கடிகாரம் முன்னரே சுழியை அடைந்துவிட்டிருந்தது. ஆபர்ன் அபிமானிகள் களத்தை நிறைத்தனர். அலபாமா அதன்பின் ஆடிய ஆட்டத்திலும் ஓக்லகோமாவிடம் 45-31 என்று தோற்றது. பட்டம் கைவிட்டுப் போயிற்று.

வாழ்நாளெல்லாம் அக்குழுவைப் போற்றிய ஒருவன் அவ்விரவில் என்ன நினைத்திருப்பான்? நேர்மையாகத் தோற்றிருந்தால் ஆறியிருப்பான். விநாடியைக் கேட்காதிருந்தால் ஆட்டம் மேலும் நீடித்திருக்கும், ஒருவேளை வென்றிருக்கலாம். இந்த ‘ஒருவேளை’ என்பதே அபிமானியின் தலையணைக்கடியில் வைத்த முள். பெருந்தோல்வியை மறக்கலாம், நூலிழையில் தவறிய வெற்றியை மறத்தல் அரிது. எமக்கு இவ்வுண்மை தெரியும். ஏனெனிற் பரீட்சையில் இருபது மதிப்பெண்ணாற் தவறியவனைவிட ஒரு மதிப்பெண்ணால் தவறியவன் நெடுநாள் அழுததை விடுதியிற் பார்த்திருக்கின்றோம்.

இனி வருவதே வருந்தத்தக்கது. அன்று அலபாமாவின் உதைகள் அதற்கு முன்னரும் தவறியிருந்தன. அவற்றை உதைத்த மாணாக்கருக்கு அபிமானிகளிற் சிலர் கொலைமிரட்டல்கள் விடுத்தனர். அந்நாட்டின் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவருக்குத் தம் கையாலே ஆறுதல் எழுதி அனுப்பினார். நேற்றுவரை ‘எங்கள் வீரன்’ என்றிருந்தவன் ஓர் இரவில் ‘அவன்’ ஆகிவிட்டான். உளப்பாட்டிலிருந்து தள்ளப்பட்டுப் படர்க்கையில் நின்றான்.

இத்தள்ளுதலை அளந்தறிந்த ஆராய்ச்சியாளரும் உளர். ராபர்ட் சியால்டினி என்னும் உளநூற் பேராசிரியர் தம் தோழரோடு 1976-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெயர்பெற்றது. 1973-ஆம் ஆண்டுக் காற்பந்துப் பருவத்தில் ஏழு பல்கலைக்கழகங்களின் வகுப்பறைகளில், திங்கட்கிழமை தோறும் மாணாக்கர் எவ்வகை உடை உடுத்து வருகின்றனர் என்று அவர்கள் குறித்து வந்தனர். சனிக்கிழமை தம் குழு வென்றிருந்தால், கல்லூரிப் பெயரும் சின்னமும் பொறித்த சட்டைகளை அணிந்து வந்தோர் தொகை கூடிற்று. அம்மட்டோடு நில்லாமல், வேறொரு காரணத்தைக் காட்டி மாணாக்கரைத் தொலைபேசியில் அழைத்து, இன்ன ஆட்டம் எவ்வாறு முடிந்தது என்று வினவினர். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாம்’ என்னுஞ் சொல் மிகுதியாய் வந்தது. வெல்லாத ஆட்டத்தைச் சொல்லும்போது குறைந்தது. அன்றியும் வினவுமுன் ஒரு சிறு சோதனை நடத்தி, ‘நீர் அதில் தவறினீர்’ என்று சொல்லப்பட்டோரிடத்தே இவ்வேறுபாடு மிகுந்து தோன்றிற்று. தன் பெருமை புண்பட்டவன் பிறர் பெருமையைப் போர்த்துக்கொள்ள விரைகின்றான். பிறர் சிறுமையை உதறவும் விரைகின்றான். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. முன்னிலையாரைச் சேர்த்ததோ படர்க்கையாரைச் சேர்த்ததோ என்று அச்சொல் காட்டாது. நம் நன்னூலார் அத்தொலைபேசியின் மறுமுனையில் இருந்திருப்பின் இன்னும் நுட்பமாகக் கணக்கெடுத்திருப்பார்.

அமெரிக்கரை நோக்கி விரல் நீட்டுமுன் எம் குற்றத்தையும் சொல்லுதல் முறை. சென்ற ஆண்டு எம் கல்லூரிக் காற்பந்துக் குழு இறுதியாட்டத்தில் தோற்றது. இது நம்மூர்க் காற்பந்து, உருண்டைப் பந்து. கடைசி நேரத்தில் எளிதாய்ப் பிடித்திருக்கத்தக்க பந்து ஒன்று கோல் காவலனின் கைக்கிடையே நழுவிற்று. அவன் எம் அறைத்தோழன். திரும்பி வந்த பேருந்தில் யாமும் பிறரும் அவ்வாட்டத்தைப் பேசிக்கொண்டு வந்தோம். அரையிறுதியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் ‘அடித்தோம்’, ‘வென்றோம்’, ‘மடக்கினோம்’ என்றே பேச்சு ஓடிற்று. இறுதியாட்டத்திற்கு வந்தவுடனே ‘விட்டுவிட்டான்’ என்றாயிற்று. அவன் எமக்கு இரண்டு வரிசை பின்னே சன்னலோரம் இருந்தான் என்பதை எவரும் எண்ணவில்லை. எதிரே இருப்பவனைப் படர்க்கையாற் கூறுதல் இலக்கண வழு. அன்று இறங்கும்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தோம்.

ஆட்டத்தைப் பார்க்குங் கண்ணும் பற்றினால் மாறும் என்பதற்கு இன்னொரு சான்று. 1951-ஆம் ஆண்டு நவம்பரில் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் ஆடிய ஆட்டம் மிக முரட்டுத்தனமானது. பிரின்ஸ்டனின் தலைசிறந்த வீரரின் மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் வென்றது. ஹேஸ்டார்ப், கான்ட்ரில் என்னும் இருவர் அவ்வாட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணாக்கருக்கும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் வீரர் செய்த மீறல்களை எண்ணியபோது, டார்ட்மத் மாணாக்கர் கண்டதைப்போல் இருமடங்குக்கு மேற் கண்டனர் பிரின்ஸ்டன் மாணாக்கர். படம் ஒன்றே, இருள் சூழ்ந்த அறையும் ஒருதன்மைத்தே. பார்த்த ஆட்டங்கள் மட்டும் இரண்டு. நடுவரை ஏசும் அபிமானி பொய் சொல்லுகின்றான் என்று இனி எவருஞ் சொல்லற்க. அவன் கண்டதையே சொல்லுகின்றான்.

இவையெல்லாம் சிரித்து விட்டுவிடத்தக்கனவாய் இருப்பின் இக்கட்டுரை எழுத வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் அதே அலபாமாவும் ஆபர்னும் ஆடியபோது, அலபாமா தன் சொந்தக் களத்தில் 24-0 என்று முந்தியிருந்தும் முடிவில் 28-27 என்று தோற்றது. ஆபர்ன் நகரில் டூமர்ஸ் கார்னர் என்னும் நாற்சந்தியில் ஓக் மரங்கள் இரண்டு நின்றன. வெற்றி நாட்களில் அந்நகரத்தார் அங்குத் திரண்டு மரக்கிளைகளில் வெண்காகிதச் சுருள்களை வீசித் தோரணமாய்த் தொங்கவிடுவது வழக்கம். அத்தோல்வியைப் பொறாத அலபாமா அபிமானி ஒருவர் அம்மரங்களின் வேரில் களைக்கொல்லி நஞ்சை ஊற்றினார். ஊற்றியதோடு அமையாது, 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் வானொலி நிகழ்ச்சியொன்றில் தொலைபேசி வழியே தாமே அதனைக் கூறினார். வல்லுநர் பலவாறு முயன்றும் மரங்கள் பிழைக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு அவர் குற்றத்தை ஒப்பிச் சிறை சென்றார். அவ்வாண்டு ஏப்ரலில் மரங்கள் வெட்டப்பட்டன. மரங்கள் எந்தக் குழுவுக்கும் ஆடினவல்ல. அவற்றின் நிழல் இருதிறத்தாருக்கும் பொதுவாய் இருந்தது.

மரத்தைக் கொன்றவர் ஒருவரே என்று ஆறுதல் கொள்ளவும் இயலவில்லை. ஏனெனில் கற்றறிந்து நீதியாசனத்தில் அமர்ந்தோரையும் இந்நோய் பற்றுமென்று பொருளாதார நூலார் இருவர் காட்டியுள்ளனர். எரென், மோகான் என்னும் அவ்விருவரும் லூசியானா மாநிலத்தில் 1996 முதல் 2012 வரை சிறார் நீதிமன்றங்களில் விதிக்கப்பட்ட தண்டனைகளைத் திரட்டினர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் காற்பந்துக் குழு, வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆட்டத்தில் தோற்ற வாரங்களில், நீதிபதிகள் சிறாருக்கு விதித்த தண்டனைக் காலம் நீண்டிருந்தது. அப்பல்கலைக்கழகத்திலே பயின்ற நீதிபதிகளிடத்தில் இவ்வியல்பு மிகுதி. எதிர்பாராத வெற்றியால் தண்டனை குறையவுமில்லை. நீண்ட தண்டனையின் சுமை பெரும்பாலும் கறுப்பினச் சிறாரின் தலையில் விழுந்தது. சனிக்கிழமை மாலையில் பந்து நழுவியதற்கும், மறுவாரம் நடுங்கிக்கொண்டு கூண்டில் நின்ற சிறுவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கணக்கு அவ்வாறு காட்டுகின்றது. இதனை வாசித்த அன்று யாம் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் வெளியே உலாவினோம். நடுவுநிலைமையைப் பற்றித் திருவள்ளுவர் ஓரதிகாரமே வகுத்தார். அவர் அறிந்த கோட்டங்களுள் இதனையும் அடக்கியே வகுத்தார் போலும்.

எனின், ‘தோற்றோம்’ என்று சொல்லுதலே தீதோ? அங்ஙனமும் முடிவுகட்ட எமக்கு மனமில்லை. வான், பிரான்ஸ்கோம் என்னும் இருவர் 1990-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அபிமானிகள் எல்லாரும் ஒருதன்மையர் அல்லர் என்று காட்டினர். பற்று மெலிந்தோர் வெற்றியில் ஒட்டித் தோல்வியில் விலகுவர். பற்று மிக்கோரோ தோல்வியிலும் விலகார். விலகாமைக்கு விலையும் உண்டு. இந்தியானாப் பல்கலைக்கழக மாணாக்கரை வைத்து நிகழ்த்திய சோதனையொன்றில், தம் கல்லூரிக் கூடைப்பந்துக் குழு தோற்றதைப் பார்த்த அபிமானிகள், அதற்குச் சற்றுந் தொடர்பில்லாத எழுத்துப் புதிரை விடுவிக்கும் திறமையிலும் தம்மைத் தாழ்வாகவே மதிப்பிட்டனர். குழுவின் தோல்வி அவர்தம் உடம்புக்குள்ளும் இறங்கியிருந்தது. எமக்கு அம்மெலிந்த பற்றினரினும் இவ்வருந்தினோர் மேலானவராகவே தோன்றுகின்றனர். மரத்துக்கு நஞ்சூற்றியவரும் ஆட்டக்காரனை மிரட்டியோரும் தோல்வியைத் தமதென்று ஏற்றவரல்லர். ஏற்க மாட்டாமல் மரத்தின்மேலும் மாணாக்கன்மேலும் அதனைத் தூக்கியெறிந்தவர். ‘தோற்றோம்’ என்று சொல்லி உண்ணாது படுத்தவன் எவர்க்கும் தீங்கு செய்திலன். மறுநாட் காலை பசித்தெழுந்து உண்டிருப்பான்.

நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கதையை நினைக்குந்தோறும் எமக்கு நகையும் இரக்கமும் ஒருங்கே வரும். அக்குழு 1983-ஆம் ஆண்டு தொடங்கி அடுத்தடுத்து 44 ஆட்டங்களில் தோற்றது. முதலாண்டில் வந்து சேர்ந்த மாணாக்கன் ஒருவன் பட்டம் பெற்று வெளியேறுமளவும் ஒரு வெற்றியும் காணாதிருந்திருக்கக்கூடும். கேலிக்குக் குறைவில்லை. எனினும் ஆட்டக்களம் ஒருநாளும் முற்றும் வெறுமையாகிவிடவில்லை, சிலர் வந்துகொண்டேயிருந்தனர். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், பழைய மாணாக்கர் கூடியிருந்த நாளில், கொலம்பியா பிரின்ஸ்டனை 16-13 என்று வென்றது. கூடியிருந்தோர் களத்துட் பாய்ந்து கோல் கம்பங்களைச் சாய்த்தனர். அன்று ‘வென்றோம்’ என்று கூவியோருள், 44 முறையும் ‘தோற்றோம்’ என்று சொல்லி வந்தவர் எத்துணைப் பேரோ, அவர்க்கே அச்சொல்லின் முழு இன்பமும் உரியதாயிருக்கும்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் தறுவாயில் எம் அறைத்தோழனிடம் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினோம். பேருந்தில் நிகழ்ந்ததை எழுதியிருக்கும் இடம் வந்தபோது குரல் சற்றுத் தடுமாறிற்று. முடிந்தபின், ‘அன்று நாம் எல்லாரும் தோற்றோம்’ என்று சொன்னோம். இலக்கணப்படி அவ்விடத்து ஆம் விகுதி வந்திருத்தல் வேண்டும். அவன் முன்னிலையில் இருந்தானே. அவன் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஐந்தரை மணிக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றும், விளக்கை அணைக்கும்படியும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.